பொன்முடியில் எழுந்த கேள்வி

திருவனந்தபுரத்தில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்குப் பொன்முடி புதிய இடம் அன்று. நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாற்றை அடைந்து, அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துவிட்டால், கடல் மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டர் உயரத்தில் நிற்கலாம். பஸ்ஸில் ஏறும்போது வியர்த்த உடம்பு, இறங்கும்போது குளிரில் நடுங்கும். மேகம் விலகிய வேளையில் தென்கிழக்கே நோக்கினால் மலைகளுக்கு மேல் ஒரு மலையாக அகத்தியர் மலை எழுந்து நிற்கும்.

சென்ற ஆண்டு நம் மன்றத்தார் அங்கே சென்றபோது எங்கள் குழுவில் ஐவர் இருந்தோம். நான் கன்னியாகுமரிப் பக்கத்தவன். வீட்டில் நாள் தவறாமல் திருநீறு பூசிப் பழகியவன். தக்கலை நண்பர் இஸ்லாமியர். மார்த்தாண்டம் நண்பர் கிறிஸ்தவர். மதுரை நண்பர் தமிழிலக்கியம் பயில்பவர். ஐந்தாமவர் செங்கோட்டைக்காரர், கணிதம் பயில்பவர், அதிகம் பேசாதவர்.

புல்வெளியில் அமர்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரித்து உண்டுகொண்டிருந்தோம். சிவபெருமான் அகத்தியரைத் தெற்கே அனுப்பிய கதையை நான் சொன்னேன். உடனே மதுரை நண்பர், பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியத்தின்படி அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதனிடம் என்றார். அப்படியானால் அந்த மலை சைவருடையதா, பௌத்தருடையதா என்று வேடிக்கையாகக் கேள்வி எழுந்தது. தக்கலை நண்பர் தம் ஊரில் அடங்கியுள்ள ஞானக்கவி பீர்முகம்மது அப்பாவைப் பற்றிச் சொன்னார். மார்த்தாண்டம் நண்பர் விவிலியத்திலிருந்து ஓர் உவமை சொன்னார். வேடிக்கை மெல்ல மெல்ல வாதமாயிற்று. எந்த வேதம் மெய்? எல்லாம் மெய்யானால் அவை ஏன் முரண்படுகின்றன? ஒன்றே மெய்யானால் மற்றவற்றைப் படித்தவர் கதி என்ன?

அப்போதுதான் செங்கோட்டை நண்பர் வாய் திறந்தார். கடவுள் இருக்கிறார் என்பதற்கே சான்று இல்லாதபோது, அவர் எந்த நூலை எழுதினார் என்று வாதிடுவது வீண் என்றார். தம் தங்கை காய்ச்சலில் கிடந்தபோது வீட்டார் வேண்டாத தெய்வம் இல்லை என்றும், அவள் இறந்த நாளிலேயே தாம் கும்பிடுவதை விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

அந்த இடத்தில் நான் வாய் மூடி இருந்திருக்க வேண்டும். ஆனால் வாதத்தின் சூட்டில் இருந்தேன். கடவுள் இல்லை என்பவனுக்கு நன்மை தீமை என்ற அளவுகோலே இல்லை. அப்படிப்பட்டவனை எதிலும் நம்ப முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனார். திரும்பும்போது பஸ்ஸில் முன்வரிசையில் தனியே அமர்ந்தார். அதன்பின் மூன்று வாரம் நாங்கள் பேசவில்லை.

அந்த நாட்களில்தான் மன்ற மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு என்னைக் கேட்டார்கள். நான் ஸ்ரீநாராயண குருவைத் தேர்ந்துகொண்டேன். காரணம் எளியது. அவர் தவம் செய்த மருந்துவாழ் மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். ஆனால் எழுதப் புகுந்தபோது, பொன்முடியில் எழுந்த கேள்வியே அவர் வாழ்க்கை முழுவதும் ஓடுவதைக் கண்டேன்.

நாராயண குரு 1856-ஆம் ஆண்டு செம்பழந்தியில் பிறந்தார். நம் காரியவட்டம் வளாகத்துக்கு அண்மையில் உள்ள ஊர்தான் அது. தந்தையார் மாடன் ஆசான்; தாயார் குட்டியம்மை; வீட்டின் பெயர் வயல்வாரம். பிள்ளையை நாணு என்று அழைத்தார்கள். தந்தையார் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்; இராமாயண பாரதக் கதைகளை ஊராருக்கு எடுத்துச் சொன்னவர். ஆயினும் குடும்பம் ஈழவர் குலத்தைச் சேர்ந்தது. அந்நாளைய திருவிதாங்கூரில் ஈழவர் பெருங்கோயில்களுக்குள் நுழைய முடியாது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் பலவற்றில் நடக்கவும் முடியாது. கடவுளைப் பற்றிப் படிக்கலாம், கடவுளின் வாசலுக்குப் போகக் கூடாது என்பது அக்காலத்து விதி. இந்த விதியின் நிழலில்தான் நாணு வளர்ந்தார்.

காயங்குளத்தை அடுத்த புதுப்பள்ளியில் இராமன் பிள்ளை ஆசானிடம் வடமொழி பயின்றார். காவியமும் இலக்கணமும் கற்று ஊர் திரும்பிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். நாணு ஆசான் என்று பெயர் பெற்றார். வீட்டார் திருமணம் செய்துவைத்தார்கள். ஆயினும் இல்வாழ்க்கையில் அவர் மனம் நிலைக்கவில்லை. வீட்டை விட்டு வெளியேறினார்.

அவருக்கு வாய்த்த நண்பர் சட்டம்பி சுவாமிகள். அவரைவிட மூன்று ஆண்டு மூத்தவர், நாயர் குலத்தவர். சாதி வேலிகள் உயர்ந்து நின்ற அக்காலத்தில் அவ்விருவரும் கொண்ட நட்பே ஒரு புதுமை. அந்த நட்பு அவரை ஒரு தமிழரிடம் கொண்டு சேர்த்தது. அவர்தாம் தைக்காடு அய்யாவு சுவாமிகள். 1814-இல் பிறந்து 1909-இல் மறைந்த அய்யாவு, தைக்காட்டில் இருந்த ரெசிடென்சியில் மேலாளராக வேலை பார்த்தவர், யோகத்தில் வல்லவர். பல சாதியாரையும் பல சமயத்தாரையும் தம்மைச் சூழ உட்காரவைத்து, ஒரே பந்தியில் சோறிட்டவர். நாணு ஆசான் யோகம் பயின்றது அவரிடம்தான்.

தமிழ் நூல்களின் உறவும் அவருக்கு நெருங்கியது. தமிழ்ச் சைவப் பாடல்களில் அவர் எந்த அளவுக்குத் தோய்ந்தார் என்பதற்கு, அவரே தமிழில் இயற்றிய தேவாரப் பதிகங்கள் சான்று. திருக்குறளின் சில அதிகாரங்களையும் ஒழிவிலொடுக்கத்தின் ஒரு பகுதியையும் மலையாளத்தில் பெயர்த்தார். மலையாள நாட்டின் மகானாக உலகம் அறியும் ஒருவர் நம் மொழியிலும் கவிஞர் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

பின்னர் சில ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார். எந்தக் குடிசையில் அழைத்தாலும் உண்டார் என்றும், கடற்கரை மீனவரோடும் இஸ்லாமியரோடும் கிறிஸ்தவரோடும் பழகினார் என்றும் சொல்வர். கடைசியில் மருந்துவாழ் மலைக்கு வந்து, பிள்ளைத்தடம் என்னும் குகையில் தங்கித் தவம் செய்தார். சிறு வயதில் நான் அந்தக் குகைக்கு ஏறியிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் தென்னந்தோப்புகளும் அவற்றுக்கப்பால் கடலும் தெரியும். கீழே கோயில்களும் மாதா கோயில்களும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. அவ்வளவு உயரத்திலிருந்து எது யாருடையது என்று பிரித்தறிவது எளிதன்று.

மலையிலிருந்து இறங்கியவர் நெய்யாற்றின் கரையில் அருவிப்புரம் என்ற இடத்தில் தங்கினார். 1888-ஆம் ஆண்டு சிவராத்திரி. அவருக்கு வயது முப்பத்தொன்று. நள்ளிரவில் ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்தார். அதையே சிவலிங்கமாகப் பாறையின் மேல் நிறுவினார். மேளதாளம் இல்லை, கோபுரம் இல்லை, கூடியிருந்தவர்கள் ஏழை எளிய மக்கள்.

இதில் என்ன பெரிய செயல் என்று இன்று நமக்குத் தோன்றலாம். அன்று அது நிலநடுக்கம் போன்றது. தெய்வத்தை நிறுவும் உரிமை ஒரு குலத்தாருக்கு மட்டுமே உண்டு என்று சாத்திரங்களைக் காட்டிச் சொல்லிவந்த காலம் அது. எந்த உரிமையில் செய்தீர் என்று கேட்டவர்களுக்கு, தாம் வைத்தது அவர்களுடைய சிவனை அன்று, ஈழவரின் சிவனைத்தான் என்று அவர் அமைதியாக விடை சொன்னதாக வழங்குகிறது. அந்த விடையில் கோபம் இல்லை. ஆனால் அதற்கு மறுவிடையும் இல்லை. சிவன் எல்லாருக்கும் ஒருவன் என்றால் கேள்விக்கே இடமில்லை. சிவனும் சாதிக்கு ஒருவன் என்றால் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. சாத்திரத்தை எரிக்காமலும் இகழாமலும், அதன் பெயரால் நடந்த அநீதியை ஒரு கல்லால் விலக்கினார் அவர். சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி எல்லாரும் உடன்பிறந்தாராக வாழும் இடம் இது என்ற கருத்தையும் அங்கே பொறிக்கச் செய்தார்.

அதன்பின் அவர் புகழ் பரவிற்று. 1903-ஆம் ஆண்டு ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் தோன்றியது. டாக்டர் பல்பு அதற்கு முன்னின்று உழைத்தார்; மகாகவி குமாரன் ஆசான் அதன் செயலாளரானார். வர்க்கலையில் சிவகிரி மடம் எழுந்தது. 1912-இல் அங்கே சாரதையை நிறுவினார். 1913-இல் ஆலுவாயில் பெரியாற்றங்கரையில் அத்வைத ஆசிரமம் அமைத்தார். கோயில் கட்டிய கைகளே பள்ளிக்கூடங்களும் கட்டின. கல்வியும் தொழிலும் இல்லாமல் பக்தி மட்டும் ஒருவனை நிமிர்த்தாது என்பது அவர் துணிபு.

இத்தனைக்கும் நடுவே, சமயங்களைப் பற்றி அவர் என்ன எண்ணினார்? 1897-இல் அவர் இயற்றிய ஆத்மோபதேச சதகத்தில் இதற்கு விடை இருக்கிறது. குருடர்கள் யானையைத் தடவிப் பார்த்த பழங்கதையை அதில் நினைவூட்டுகிறார். பல சமயங்களின் சாரம் ஒன்றே என்று அறியாதவர்கள் அந்தக் குருடர்களைப் போல வாதிட்டு அலைகிறார்கள் என்பது கருத்து. அதற்கு மேலும் ஒரு படி செல்கிறார். ஒரு சமயத்தை மற்றொரு சமயம் சண்டையிட்டு வெல்ல முடியாது என்கிறார். தாக்கப்பட்ட சமயம் அழிவதில்லை. தாக்கியவனின் நலமே அழிகிறது. இந்தப் பகுதியைப் படித்தபோது பொன்முடிப் புல்வெளி என் கண்முன் வந்தது.

1914-ஆம் ஆண்டு அவர் பாடிய அனுகம்பா தசகம் பத்தே பாட்டுக்கள் கொண்ட சிறு நூல். அருள் என்பதே அதன் பொருள். அருளே வடிவாகி வந்தவர் யார் யார் என்று எண்ணிப் பார்க்கும் அந்நூலில் கண்ணனும் புத்தரும் ஆதிசங்கரரும் இயேசுவும் நபிகள் நாயகமும் நம் சைவ நாயன்மாரும் ஒரே வரிசையில் வருகிறார்கள். யாருடைய வேதம் உயர்ந்தது என்று அங்கே கேட்கவில்லை. யாரிடம் அருள் இருந்தது என்பதே கேள்வி. அதே ஆண்டில் பாடிய தெய்வ தசகம் இன்றும் கேரளத்தில் எண்ணற்ற வீடுகளிலும் பள்ளிகளிலும் ஓதப்படும் வழிபாட்டுப் பாடல். எந்தச் சமயத்தாரும் கூச்சமின்றி ஓதக்கூடியது அது. பிறவிக் கடலைக் கடத்தும் இறைவனுக்கு அதில் அவர் கண்ட உவமை பழைய ஓடம் அன்று. அக்காலத்தில் புதிதாக ஓடிய நீராவிக் கப்பல்!

மனிதர் அனைவருக்கும் குலம் ஒன்று, சமயம் ஒன்று, தெய்வம் ஒன்று என்ற அவருடைய கொள்கை நாடறிந்தது. குலமும் தெய்வமும் ஒன்றே என்ற எண்ணம் நம் திருமூலரிடமே உண்டு. நாராயண குரு சமயத்தையும் அவற்றோடு சேர்த்தார். இதைக் கேட்டதும், எல்லாரும் ஒரே சமயத்தில் சேர வேண்டும் என்று அவர் சொன்னதாகச் சிலர் நினைக்கலாம். அது தவறு. 1923-ஆம் ஆண்டு பத்திரிகாசிரியர் சி. வி. குஞ்ஞுராமனோடு அவர் நிகழ்த்திய உரையாடலைப் படித்தால் அவர் கருத்து தெளிவாகும்.

அந்த உரையாடல் எழுந்த சூழ்நிலையை நாம் நினைக்க வேண்டும். இந்து சமயத்தில் இருக்கும்வரை இழிவு தீராது என்று ஈழவத் தலைவர்கள் பலர் மனம் நொந்திருந்தார்கள். புத்த சமயத்துக்குப் போகலாம் என்றனர் சிலர். கிறிஸ்தவத்துக்குப் போகலாம் என்றனர் வேறு சிலர். 1921-இல் மலபாரில் நடந்த கலகத்தின் புண்ணும் ஆறவில்லை. குருவின் வாய்ச்சொல்லை எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஒருவரையும் தடுக்கவில்லை. ஒருவரையும் தூண்டவும் இல்லை. தன் சமயத்தில் நம்பிக்கை இழந்தவன் அதிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது தனக்கும் அந்தச் சமயத்துக்கும் நல்லதன்று; அவன் மாறிக்கொள்ளலாம் என்றார். ஆனால் சமயத்துக்குப் புறம், அகம் என்று இரண்டு உண்டு. அகத்தில் நிகழும் மாற்றமே மாற்றம் என்று விளக்கினார். சமயப் போர் தீர வழி ஒன்றே: எல்லாரும் எல்லாச் சமயங்களையும் ஒத்த மனத்தோடு கற்க வேண்டும் என்றார். கற்றுப் பார்த்தால் எல்லாவற்றின் நோக்கமும் ஒன்று என்பது தெரியும். அவர் கூறிய ஒரே சமயம் என்பது அந்த ஒரே நோக்கம்தான்.

சொன்னதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார். 1924-ஆம் ஆண்டு மார்ச் 3, 4 ஆகிய நாட்களில், சிவராத்திரியை ஒட்டி, ஆலுவாய் ஆசிரமத்தில் சர்வமத சம்மேளனம் கூட்டினார். 1893-இல் சிக்காகோவில் நடந்த சர்வமத மகாசபையை நாம் அனைவரும் அறிவோம். நம் கண்ணுக்கெட்டும் தொலைவில் நடந்த இந்தச் சபையை அறிந்தவர் குறைவு. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் தலைமை வகித்தார். கிறிஸ்தவமும் இஸ்லாமும் பௌத்தமும் ஆரிய சமாஜமும் பிரம்ம சமாஜமும் தத்தம் கொள்கைகளை எடுத்துரைத்தன. இங்கே கூடியிருப்பது வாதாடி வெற்றி பெறுவதற்காக அன்று, தாம் அறிவதற்கும் பிறருக்கு அறிவிப்பதற்குமே என்ற பொருளில் வாயிலில் ஓர் அறிவிப்பு வைத்திருந்தார்கள். முடிவில், எல்லாச் சமயங்களையும் கற்பிக்கும் ஒரு கலாசாலை சிவகிரியில் வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது.

அந்த மார்ச் மாதம் முடிவதற்குள், 30-ஆம் நாள், வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காக நடந்த போராட்டம் அது. பெரியார் ஈ. வெ. ராமசாமி அங்கே சென்று சிறைப்பட்டதை நாம் அறிவோம். கடவுளை நம்பாத பெரியாரும், கடவுளைப் பாடிய குருவும், இராமநாமம் சொல்லிய காந்தியடிகளும் ஒரே தெருவைத் திறப்பதற்கு நின்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்! 1925 மார்ச்சில் காந்தியடிகள் சிவகிரிக்கு வந்து குருவைக் கண்டார். வீடு பேற்றுக்கு இந்து சமயம் போதுமா என்ற கேள்விக்கு, மற்றச் சமயங்களிலும் அதற்கு வழியுண்டு என்பதை மறைக்காமலே, இதுவும் போதும் என்று விடை சொன்னார் குரு. மாமரத்து இலைகள் சிறிதும் பெரிதுமாய் இருப்பதைக் காந்தியடிகள் சுட்டிக்காட்ட, எந்த இலையைப் பிழிந்தாலும் சாற்றின் சுவை ஒன்றே என்று குரு குறிப்பிட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது.

இவையெல்லாம் இறைவனை ஏற்றுக்கொண்டவர்களிடையே நடந்தவை. இறைவனே இல்லை என்பவரை அவர் என்ன செய்தார்? எனக்கு வேண்டியிருந்த விடை இதுதான். அது சகோதரன் ஐயப்பன் வரலாற்றில் கிடைத்தது.

ஐயப்பன் 1889-இல் செராயில் பிறந்தவர். நம் யூனிவர்சிட்டி கல்லூரி மகாராஜா கல்லூரியாக இருந்த காலத்தில் அங்கே பட்டம் பெற்றவர். குருவின் அன்புக்குரிய மாணவர். 1917-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் செராயில், ஈழவரும் அவர்களிலும் தாழ்த்தப்பட்டிருந்த புலையரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் சமபந்தியை அவர் நடத்தினார். ஈழவர்களே அவர்மேல் பாய்ந்தார்கள். தம்மைத் தாழ்த்தியவரை எதிர்த்தவர்கள், தமக்குக் கீழே ஒருவரைத் தாழ்த்திவைக்க விரும்பினார்கள்! புலையன் ஐயப்பன் என்று இகழ்ந்தார்கள். அதையே அவர் பெருமையாக ஏற்றார். குருவிடமும் முறையீடு போயிற்று. குரு ஐயப்பனையே ஆதரித்தார். இயேசுவைப் போலப் பொறுமையாக இருக்கும்படி அவருக்கு அறிவுரை கூறினார் என்று சொல்வர். 1921-இல், சமயமும் உடையும் மொழியும் வேறுபட்டாலும் மனித சாதி ஒன்றாகையால் கலந்து உண்பதிலும் மணப்பதிலும் குற்றமில்லை என்ற கருத்தைத் தம் கையாலேயே எழுதி ஐயப்பனுக்குக் கொடுத்தார்.

ஐயப்பனோ அங்கே நிற்கவில்லை. குருவின் கொள்கையையே மாற்றி எழுதினார். மனிதனுக்குச் சாதியும் வேண்டாம், மதமும் வேண்டாம், தெய்வமும் வேண்டாம். அறம் இருந்தால் போதும் என்று நாடெங்கும் முழங்கினார். குருவின் வாசகத்தைக் குருவின் மாணவரே மறுத்துவிட்டார் என்று அடியார்கள் கொதித்தார்கள். குரு கொதிக்கவில்லை. ஐயப்பனின் சொல்லில் தெய்வம் இல்லாவிட்டாலும் செயலில் தெய்வம் இருக்கிறது என்ற கருத்தில் அவர் விடை சொன்னதாக இன்றும் பேசப்படுகிறது. மாணவரை அவர் விலக்கவும் இல்லை. மாணவர் ஆசிரியரை மறக்கவும் இல்லை. கடவுளைப் பற்றிய கருத்து வேற்றுமை அவ்விருவர் அன்பிலும் ஒரு கீறல் விழச் செய்யவில்லை.

இதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடினேன். சென்ற ஆண்டு தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளில் என் கையில் பணம் இல்லை. ஊரிலிருந்து பணம் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. மறுநாள் அலுவலகத்துக்குப் போனபோது கட்டணம் கட்டியாயிற்று என்றார்கள். கட்டியவர் செங்கோட்டை நண்பர். எப்படித் தெரிந்தது என்று அவரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. அவரைத்தான் எதிலும் நம்ப முடியாது என்று பொன்முடியில் நான் சொன்னேன்!

குருவின் கடைசி ஆண்டுகளைச் சொல்லி முடிக்கிறேன். 1916-இல் திருவண்ணாமலை சென்று இரமண மகரிஷியைக் கண்டார். 1918-இலும் 1926-இலும் இலங்கைக்குச் சென்றார். அதுவரை வெள்ளாடையே உடுத்தியிருந்தவர், 1918-இல் இலங்கைக்குப் போகும்போதுதான் காவி ஏற்றார். 1922-இல் கவி தாகூர் சிவகிரிக்கு வந்து அவரைக் கண்டார். 1927-இல், சேர்த்தலையை அடுத்த களவங்கோட்டில் ஒரு கோயிலுக்குத் தெய்வத்தை நிறுவ அழைக்கப்பட்டார். அங்கே விக்கிரகம் வேண்டும் என்றனர் பெரியோர். வேண்டாம் என்றனர் புதுக்கருத்துடைய இளைஞர். ஒரு கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி அதையே கருவறையில் நிறுவினார் என்று கூறுவர். ஓம் என்னும் எழுத்து அதில் இருந்தது. கும்பிட வருபவன் அதில் தன் முகத்தைக் காண்பான். எங்கள் ஊர்ப்பக்கத்தில் அய்யா வைகுண்டரின் சாமித்தோப்புப் பதியிலும் கண்ணாடி உண்டு. அங்கே கும்பிட்ட நாட்களில் அதன் பொருளை நான் நினைத்ததே இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆற்றுக் கல்லில் தொடங்கிய கை, கடைசியில் கண்ணாடியில் வந்து நின்றது.

1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் சிவகிரியில் நாராயண குரு மறைந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1936 நவம்பர் 12-ஆம் நாள், திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. அந்தச் சகோதரன் ஐயப்பன் பின்னர் அமைச்சராகி, 1968-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

கட்டுரையை எழுதி முடித்த அன்று மாலை, விடுதியில் செங்கோட்டை நண்பரின் அறைக்கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தயாரித்துக்கொண்டுதான் போனேன். அவர் என்னைப் பேசவிடவில்லை. தேநீர் குடிக்க அழைத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து அருவிப்புரம் போனோம். பொன்முடியில் நாங்கள் பார்த்த அகத்தியர் மலையில் பிறந்து வரும் ஆறுதான் அங்கே ஓடுகிறது.

நான் உள்ளே சென்று கும்பிட்டேன். அவர் ஆற்றில் இறங்கி நின்றார். குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் நீரிலேயே போட்டார். தமக்கு அது இன்னும் கல்தான் என்றார். கண்ணாடியை நிறுவிய பெரியவருக்கே இன்று ஊரூராய்ச் சிலை வைத்துக் கற்பூரம் காட்டுகிறார்களே, இதற்கு உங்கள் விடை என்ன என்றும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. இல்லை என்றே சொன்னேன். அவர் சிரித்தார். பொன்முடிக்குப் பின் அன்றுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

நண்பர்களே! கடவுள் உண்டா என்பதைத் தீர்த்துவைக்க இக்கட்டுரை எழுதவில்லை. அது ஒரு பிற்பகலில் தீரும் வழக்கன்று. வேதங்களைப் பற்றி வாதிடாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். இந்த வயதில் வாதிடாமல் பிறகு எப்போது வாதிடுவது? ஆனால் ஒருவருடைய சொல்லில் கடவுள் இருக்கிறாரா என்று தேடும் முன், அவர் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்போம். அறிவதற்கும் அறிவிப்பதற்கும் பேசுவோம், வெல்வதற்கு வேண்டாம். நூறாண்டுக்கு முன் ஆலுவாயில் அது முடிந்தது, நம்மால் முடியாதா?

இவ்வாண்டும் நம் மன்றத்தார் பொன்முடிக்குப் போகிறோம். ஐவரும் ஒரே இருக்கை வரிசையில் இடம் பிடிப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். புளிச்சோறு கட்டும் முறை இந்தத் தடவை செங்கோட்டை நண்பருடையது.